ஆகாசத்தில் ஏறிக் குரங்கு பார்த்த கதை

கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீடு. முற்றத்து மாமர நிழலில் மாமா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார். டொரன்டோவில் இருந்து லீவில் வந்த மருமகன், கையில் போனுடன் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் படம் காட்டாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

மருமகன்: மாமா, அதை ஒருக்கால் வையுங்கோ. பெரு நாட்டுக்குப் போன படம் காட்டுகிறேன்.

மாமா: பெருவா? அது எந்தப் பக்கம்?

மருமகன்: தென்னமெரிக்கா. லீமாவில் இருந்து ஒரு 400 கிலோமீற்றர் தெற்கே போனால் நாஸ்கா பாலைவனம்.

மாமா: இங்கே இருந்து கொழும்புக்குப் போகிறதைவிடக் கூட. அந்த வெட்டையில் உனக்கு என்ன வேலை?

மருமகன்: அந்த வெட்டை நிலத்தில் பெரிய பெரிய படங்கள் கீறி வைத்திருக்கிறார்கள். 1,500, 2,000 வருடத்துக்கு முந்தின ஆட்கள். பக்கத்தில் நின்றால் ஒன்றும் விளங்காது. சின்ன பிளேனில் ஏறி மேலே இருந்து பார்க்க வேண்டும்.

மாமா: (பிடியைக் கீழே வைக்கிறார்) பிளேனா? எங்களுக்கு ஒரு காலத்தில் பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்கிறதுதான் வேலை. உன் மாமி அகப்பையோடு பாய்ந்தவள். நீ காசு கொடுத்து அதுக்குள்ளேயே ஏறினாயா?

மருமகன்: இது செஸ்னா, மாமா. குட்டிப் பிளேன். இறக்கை தலைக்கு மேலே இருக்கும், கீழே பார்க்க ஒன்றும் மறைக்காது. ஏற முதல் ஒவ்வொருவரையும் தராசில் விட்டு நிறுப்பார்கள்.

மாமா: நெல்லு மூடை மாதிரியா?

மருமகன்: ஓம். பாரத்தைப் பார்த்துத்தான் யார் எங்கே இருக்கிறது என்று சொல்லுவார்கள். ஒரு பக்கம் கூடினால் பிளேனுக்குச் சரிவராது.

மாமா: இதைத்தானே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மூடை ஏற்றும்போது உன் சின்ன மாமனுக்குச் சொல்கிறேன்! கேட்டால்தானே. முன்னுக்குப் போடு என்றால் பின்னுக்குப் போடுவான். போன மாதம் ஏழு மூடையும் வாய்க்காலுக்குள். சரி, நீ எவ்வளவு நிறுத்தாய்?

மருமகன்: அது கிடக்கட்டும்.

மாமா: சொல்லு.

மருமகன்: 96 கிலோ.

மாமா: (குசினிப் பக்கம் திரும்பி) அடியேய், இவனுக்கு அந்த மூன்றாவது நீத்துப் பெட்டிப் புட்டு வேண்டாம்! (திரும்பி) எவ்வளவு காசு?

மருமகன்: எங்கள் காசுக்கு 30,000 வரும். அரை மணித்தியாலம்.

மாமா: ஒரு நிமிடத்துக்கு ஆயிரம். அந்தக் காசுக்கு அங்கே என்ன கண்டாய்?

மருமகன்: சிலந்தி ஒன்று, 46 மீற்றர் நீளம். தேன்சிட்டு மாதிரி நீளச் சொண்டோடு ஒரு குருவி, அது 93 மீற்றர். பிறகு, வாலைச் சுருள் சுருளாகச் சுற்றின ஒரு குரங்கு.

மாமா: குரங்கா?

மருமகன்: ஓம், ஒன்பது விரல்தான் அதுக்கு.

மாமா: குரங்கு பார்க்க 30,000 கொடுத்து ஆகாசத்துக்குப் போனாயா? தலையை நிமிர்த்தி அந்த முருங்கையைப் பார். தாயும் குட்டியுமாக நாலு. இருபது விரலும் எண்ணிப் பார்க்கலாம், இலவசம். கூரை ஓட்டை உடைத்ததுக்கு அவர்கள்தான் எனக்குக் காசு தர வேண்டும்.

மருமகன்: மாமா, இது கலை! அங்கே நிலம் முழுக்கக் கருஞ்சிவப்புக் கல். அந்தக் கல்லை ஒதுக்கினால் அடியில் வெளிர் நிற மண் தெரியும். அவ்வளவுதான் கோடு. மழையும் இல்லை, பெரிய காற்றும் இல்லை, அதனால் அப்படியே கிடக்கிறது. 1994 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கினது. மரியா ரைக்கே என்று ஒரு ஜேர்மன்காரி, கணிதம் படித்தவர், சாகும்வரை அந்தக் கோடுகளோடேயே கிடந்தார். விளக்குமாறு எடுத்துக் கூட்டிக் கூட்டித்தான் கோட்டைத் துலக்கினவர்.

மாமா: உன் மாமி நாற்பது வருடமாய் இந்த முற்றத்தைக் கூட்டுகிறாள். விடியப் பார், வளைவு வளைவாகக் கோடு. எட்டு மணிக்குக் கோழி வந்து கிண்டிவிடும். யுனெஸ்கோ வர நேரம் கிடைக்காது. அது சரி, கீறினவன் மேலே போய்ப் பார்த்தானா?

மருமகன்: அப்போது எங்கே பிளேன்? தண்ணீர் வேண்டிச் சடங்கு செய்த பாதைகள் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள்.

மாமா: அதுதானே பார்த்தேன். மழைக்கு என்றால் மனுசன் என்னவும் செய்வான். நாங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறோம், அவன் குரங்கு கீறியிருக்கிறான். அதைப் பிழை சொல்லமாட்டேன்.

மருமகன்: ஒரு பல்லியும் இருக்கு. அதைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள்.

மாமா: ரோட்டு அகட்டுகிறவனுக்குப் பல்லி என்ன, வேலி என்ன. என்னுடையதில் ஆறடி போனது. சரி, படத்தைக் காட்டு.

(மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.)

மாமா: இது என்ன?

மருமகன்: பிளேன் இறக்கை.

மாமா: இது?

மருமகன்: என் முழங்கால்.

மாமா: இது முன் சீற்றின் முதுகு. இது திரும்பவும் முழங்கால். இந்த வெள்ளைக் கடதாசிப் பை என்னடா?

மருமகன்: அது… மாமா, ஒவ்வொரு படத்துக்கும் பைலட் முதல் இடப் பக்கம் சரித்துச் சுற்றுவான். பிறகு வலப் பக்கத்து ஆட்களுக்காக அந்தப் பக்கம் சரித்துச் சுற்றுவான். காலையில் சாப்பிடாமல் வரச் சொன்னவர்கள். நான் நாலு முட்டை சாப்பிட்டுவிட்டேன்.

மாமா: அப்ப இது சத்திப் பை.

மருமகன்: ஓம்.

மாமா: எந்த இடத்தில் தொடங்கினது?

மருமகன்: குரங்குக்கு முதல்.

மாமா: அப்ப அந்த ஒன்பது விரலை யார் எண்ணினது?

மருமகன்: …விளம்பரத் தாளில் போட்டிருந்தது. ஆனால் மாமா, இறங்கின பிறகு பார்த்தேன்! ரோட்டு ஓரத்தில் அந்த ரைக்கே 1976 இல் கட்டுவித்த கோபுரம் ஒன்று இருக்கு. அதில் ஏறினால் இரண்டு கையும் ஒரு மரமும் வடிவாகத் தெரியும்.

மாமா: அதுக்கு எவ்வளவு?

மருமகன்: தேத்தண்ணிக் காசுதான்.

மாமா: நாலு கால், ஏற ஒரு படி, மேலே நிற்க ஒரு தட்டு?

மருமகன்: ஓம்.

மாமா: அதுக்குப் பெயர் பரண். காலபோக நெல்லுக் காலம் முழுக்கப் பன்றிக் காவலுக்கு நான் ஏறுகிறேனே, அது. இன்றைக்கு இரவு நீயும் வா, காசு வேண்டாம்.

மருமகன்: உண்மையாகவா மாமா?

மாமா: (அவனை மேலும் கீழும் பார்த்து) 96 கிலோ என்ன? நீ கீழே நின்று டோர்ச் அடி.