முதல் நாளே டிப்பரில் போன மண்

வீட்டு வேலை ஆரம்பித்த அன்று காலை 9 மணிக்கு ஜேசிபி வந்தது. 11 மணிக்கு மனை மொட்டை. மேலே வழித்த மண், புல், வேர், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அடிமண் எல்லாம் ஒரே குவியல். சாயங்காலத்துக்குள் டிப்பரில் ஏறிப் போய்விட்டது. "வேஸ்ட் மண்ணுங்க, இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கும்" என்றார் ஒப்பந்தக்காரர். நானும் தலையாட்டினேன். 2 வருடம் கழித்து, தோட்டம் போட 4 லோடு மண் விலைக்கு வாங்கினேன். போனதற்கும் வாடகை, வந்ததற்கும் காசு.

மேல்மண் பெரும்பாலும் ஒரு சாண் கனம்தான் இருக்கும். மட்கு, மண்புழு, பூஞ்சை இழை, முளைக்கக் காத்திருக்கும் விதை எல்லாம் குடியிருப்பது அந்த ஒரு சாணில்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் உருவாகவே நூறு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதற்குக் கீழே நிறமே மாறிவிடும், அது வேறு மண். களியாக இல்லாவிட்டால் வீட்டுத் தரைக்கு அடியில் பேஸ்மட்டம் நிரப்ப உதவும். இரண்டையும் கலந்தால் எதற்கும் ஆகாது. செடிக்குச் சத்து போதாது. தரைக்கு அடியில் போட்டால் மட்கு மக்கி, மண் அமுங்கி, மேலே தரை விரியும்.

முதல் வேலையாக மேல்மண்ணை மட்டும் வழித்து ஒரு மூலையில் ஒதுக்கியிருக்க வேண்டும். அதுவும் ஈரமாக இருக்கும்போது கூடாது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு உடையாமல் திரி மாதிரி நீண்டால் அன்றைக்கு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். உதிர்ந்தால் சரி, எடுக்கலாம். குவியல் 2 மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. ஒரு கட்டுமான இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகக் குவித்திருந்ததை வெட்டியபோது பார்த்தேன். வெளியே பழுப்பு, உள்ளே சாம்பல் நிறம், சாக்கடை வாடை. காற்றுப் போகாமல் வெந்துகிடந்தது. மாதக்கணக்கில் கிடக்கப் போகிறதென்றால் மேலே ஏதாவது பயறு விதைத்துவிடலாம், மழையில் கரையாது.

திருப்பிப் பரப்புவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. லாரியும் கலவை இயந்திரமும் மாதக்கணக்கில் நின்ற தரை கெட்டித்துப் போயிருக்கும். அதைக் கிளறிவிடாமல் மேலே நல்ல மண்ணைப் போட்டால் தட்டில் ஊற்றின மாதிரி தண்ணீர் நிற்கும், வேர் கீழே இறங்காது. சிமெண்ட் கழுவின தண்ணீர் ஊறிய இடத்தை வெட்டி எடுத்துவிடுவதே மேல். பழைய பட்டறை, எண்ணெய்க் கிடங்கு இருந்த மனை என்றால் பரிசோதிக்காமல் எதையும் திரும்பப் போடாதீர்கள்.

சின்ன மனையில் மூலைக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அப்போதும் மேல்மண்ணைத் தனி லோடாக அனுப்பலாமே, வயலுக்கோ தோட்டத்துக்கோ போய்ச் சேரும். பிரிட்டனில் 2009-லேயே கட்டுமான இடங்களில் மண்ணைக் கையாள அரசு வழிகாட்டி வெளியிட்டுவிட்டார்கள். நம் ஒப்பந்தத்தில் டைல்ஸ் கம்பெனி பெயர்கூட இருந்தது, மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜேசிபி ஓட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மணிக்கணக்கில் கூலி, யாரும் அவரிடம் வேறு மாதிரி எடுக்கச் சொல்லவில்லை.

வாங்கிப் போட்ட அந்த 4 லோடைக் கொத்தும்போது இன்னமும் செங்கல் துண்டும் ஒயர்த் துண்டும் வருகின்றன. அதுவும் யாரோ ஒருவர் வீட்டு வேலையின் முதல் நாள் குவியலாகத்தான் இருக்கும்.