பச்சைப் புள்ளியை நம்பிப் பசளை எறிந்தவருக்கு யார் பதில் சொல்வது?

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலைப்பதில் இந்தச் செயற்கை நுண்ணறிவுக்கு என்னதான் கஷ்டம்? ‘தண்ணீர் முறை அட்டவணையைத் திறக்க முடியவில்லை’ என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் கிளிநொச்சி முரசுமோட்டையில் ஒரு மனிதரின் யூரியா இன்று வீணாகியிருக்காது.

எங்கள் அட்டவணையில் ஒரு பிழையும் இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருந்தாலும், மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லாவற்றுக்கும் காணாது. கூட்டம் வைத்து, பங்கு பிரித்து, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முறை போட்டுத்தான் திறக்கிறார்கள். அந்த முறையைக் கமக்காரர் அமைப்பு இணையத்தில் அட்டவணையாக வைத்திருக்கிறது. கைத்தொலைபேசியில் தமிழில் கேட்டால் உதவியாளர் செயலி அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இருக்கும் வேலையே அவ்வளவுதான்.

நேற்று மாலை அண்ணர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர்?” நாளை காலை 6 மணிக்குத் திறக்கப்படும் என்று உடனே பதில். வேறு உதவி தேவையா என்ற விசாரிப்பும் கூடவே. அவர் விடியுமுன் போய், வயலுக்குள் தண்ணீர் விடும் வக்கடையை வெட்டி வைத்தார். ஆள் பிடித்து, கூலி பேசி, தண்ணீர் வந்ததும் கரைந்து இறங்கட்டும் என்று யூரியாவையும் எறிந்துவிட்டார். ஆறு மணியானது. ஏழானது. ஒன்பதானது. வாய்க்கால் அடியில் வெடிப்புத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு எனக்கு அழைப்பு. “தம்பி, இது சொன்னதை நம்பித்தானே எறிந்தேன்” என்றார். ஏசியிருந்தால்கூட ஆறியிருப்பேன். அவர் ஏசவில்லை. தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்காமல் மேலே கிடக்கும் யூரியா கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு பை யூரியாவுக்காக வன்னி பட்ட பாட்டை மறந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

செயலியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வயிறு எரிந்தது. உதவியாளர் அட்டவணையைக் கேட்டிருக்கிறது. உதவியாளரையும் அட்டவணையையும் இணைக்கும் இடைநிரலான இணைப்பியின் அனுமதி டோக்கன் அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது. சரி, டோக்கன் காலாவதியாகும், அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ஆனால் இந்த இணைப்பி, அனுமதி முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. ‘வெற்றி’ என்று குறித்து, உள்ளே ஒன்றுமில்லாத இரண்டு அடைப்புக்குறிகளை அனுப்பியிருக்கிறது. அந்த வெறுமையை வாங்கிய உதவியாளர், நாளையும் நேரத்தையும் தன் பாட்டில் இட்டுக்கட்டி எழுதிவிட்டது. அமைப்புகள் பக்கத்தில் ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்போதும் எரிந்தது. இப்போதும் எரிகிறது!

இந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அதையே கேட்டேன். “மன்னிக்கவும், அட்டவணையின்படி காலை 7.30 மணி” என்றது. எந்த அட்டவணை என்றேன். “நீங்கள் சொல்வது சரி. மீண்டும் சரிபார்த்தேன், நாளை மறுநாள் மாலை” என்றது. எதைச் சரிபார்த்தாய்? பதிவேட்டில் முதல் தடவைக்குப் பிறகு அது அட்டவணையின் பக்கமே போகவில்லை. போகாத இடத்துக்குப் போய் வந்ததாக, பார்க்காததைப் பார்த்ததாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்கிறது. வாய்க்கால் பொறுப்பாளர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்தில் அவரை இருக்க விட்டிருப்போமா?

இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல வராதீர்கள். உதவியாளர்களை வெளித் தரவுகளோடு இணைப்பதற்கென்றே 2024 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓபன்ஏஐயும் கூகுளும் அதை ஏற்றுக்கொண்டன. ஒரு கருவி தோற்றுப்போனால், இது பிழை என்று கொடி கட்டித் திருப்பி அனுப்ப அதில் தனி இடமே வைத்திருக்கிறார்கள். உதவியாளர் அந்தக் கொடியைப் பார்த்து, தகவல் கிடைக்கவில்லை என்று பயனரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இருக்கும் கொடியைக் கட்டாமல் விட்டது இணைப்பியை எழுதியவரின் சோம்பேறித்தனம். அவர்களுக்கு எழுதினேன். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கவும் என்று பதில் வந்தது. கொளுத்தும் வெயிலில் வரம்பில் நிற்கும் மனிதர், அறுந்தது என்றே அவருக்குச் சொல்லப்படாத இணைப்பை, எப்படி ஐயா மீண்டும் இணைப்பார்?

இன்னும் இருக்கிறது. செயலி ஓடும் வழங்கிக் கணினியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். விடிகாலை 4 மணிக்கு ‘இன்று யாருக்கு முறை’ என்று கேட்டால் நேற்றைய வரியை எடுத்துத் தருகிறது. கமக்காரர் எழும்புவதே அந்த நேரத்தில்தான்! அலுவலகங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளோ இன்றைக்கும் பாமினி எழுத்துருவில் வருகின்றன. கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள்ளே ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லே இயந்திரத்துக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் போய்ச் சேர்கிறது. அதையும் வாசித்துவிட்டதாக அது சுருக்கம் எழுதித் தருகிறது. ஒருங்குறி (யூனிகோட்) வந்து எத்தனை காலம்! ஒரு சுற்றறிக்கையையாவது அதில் தட்டச்சு செய்து அனுப்பக் கூடாதா?

எழுதி முடிக்கவும் விடுகிறார்களா? இப்போது இன்னோர் அழைப்பு. கட்டாக்காலி மாடுகள் வேலியைப் பிரித்துக்கொண்டு பயிருக்குள் இறங்கிவிட்டனவாம், பத்துக்கு மேல். சிறுபோகம் தொடங்குமுன் மாடுகளைக் கட்டி வளர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கைதட்டி, தேநீரும் குடித்துவிட்டுத்தானே எல்லோரும் எழுந்து போனார்கள்? குறி சுட்ட மாடுகள் ஐயா அவை. உரியவர்கள் இன்று பொழுதுபடுமுன் வந்து பிடித்துக்கொண்டு போக வேண்டும், தின்ற பயிருக்குக் காசையும் கையோடு கொண்டுவர வேண்டும்!