திங்கக்கிழமை காலையில ஃபுல் ஸ்கேன் ஓட்டுற மகராசனுக்கு

இன்னிக்கும் அதே கதைதான். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%, சிபியு 12%. டாலி "நாட் ரெஸ்பாண்டிங்". ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் வேற. ஸ்கேனை நிறுத்தித் தொலைக்கலாம்னு ஆன்டிவைரஸைத் திறந்தா, ஸ்டாப் பட்டன் வெளிறிப்போய் அமுக்கவே வரல. கீழ ஒரு வரி: இந்த செட்டிங்கை உங்கள் அட்மின் நிர்வகிக்கிறார்.

நிர்வகிக்கிறாராம்!

அந்த நிர்வாக லட்சணத்தைக் கொஞ்சம் பொறுமையாப் பாப்போம். எல்லா மெஷின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்துலேருந்து ஆட்டிவைக்கிற கன்சோல்ல, ஃபுல் ஸ்கேன் ஞாயித்துக்கிழமை விடிகாலை 2 மணிக்கு. பிரமாதம். சனிக்கிழமை சாயங்காலம் "கரண்ட் பில் எகிறுது, எல்லாரும் ஷட்டவுன் பண்ணிட்டுப் போங்க"ன்னு சர்க்குலர் அனுப்புறதும் அதே ஆபீஸ்தான். ஆஃப் பண்ணின மெஷின்ல ராத்திரி 2 மணிக்கு யாரு ஸ்கேன் ஓட்டுவா, முனீஸ்வரனா? அதுக்குத்தான் பாலிசியில இன்னொரு டிக் இருக்கே: தவறிப்போன ஸ்கேனை மெஷின் ஆன் ஆனதும் ஓட்டு. ஆக, திங்கக்கிழமை ஒன்பதரைக்கு மொத்த ஆபீசும் ஒண்ணா ஆன் பண்ண, மொத்த ஆபீசுலயும் ஒண்ணா ஃபுல் ஸ்கேன். மெதுவாச் சுத்துற 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்ல, ஒவ்வொரு ஜிப்பையும் பிரிச்சு, 12 ஜிபி அவுட்லுக் மெயில் ஃபைலுக்குள்ள (பிஎஸ்டி) பூந்து தேடுது.

"சிபியு லிமிட் 20%தான் வெச்சிருக்கோம் சார்." சார், 12%லயே நிக்கிற ஸ்கேனை 20% லிமிட் எப்படி சார் தடுக்கும்? அடைச்சுக்கிட்டது டிஸ்க்கு! இதைச் சொல்ல டிக்கெட் போடணுமாம். டிக்கெட் போட பிரவுசர் திறக்கணும். பிரவுசர் திறக்க டிஸ்க் வழிவிடணும்.

வைத்தியம் அஞ்சு நிமிஷ வேலை. அந்த டிக்கை எடுங்க. ஃபுல் ஸ்கேனைப் புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்துங்க, மெஷின் சும்மா இருந்தா மட்டும் ஓடுற மாதிரி. எல்லா மெஷினும் ஒரே நேரத்துல கிளம்பாம, ஆரம்ப நேரத்தைச் சிதறவிடுற ஆப்ஷன் இருக்கு, அதைப் போடுங்க. ரியல்டைம் பாதுகாப்பு ஓடுது, தினம் குவிக் ஸ்கேன் ஓடுது, அப்புறம் ஃபுல் ஸ்கேன் மாசம் ஒண்ணு போதாதா? டாலி டேட்டா ஃபோல்டரை ஸ்கேன் தொடாத விலக்குப் பட்டியல்ல சேருங்க. அந்த ஃபோல்டரை மட்டும்.

"அப்போ அவங்கவங்க மெஷினை அவங்கவங்களே பாத்துக்கட்டுமே"ன்னு கிளம்பிடாதீங்க. அந்த அழகையும் பாத்தாச்சு. ஒரு மெஷின்ல டிரயல் முடிஞ்சு "ரினியூ பண்ணு"ன்னு பாப்அப் கத்திக்கிட்டு இருக்கும். இன்னொண்ணுல கிராக் போட ரியல்டைமை ஆஃப் பண்ணினவர் திருப்பி ஆன் பண்ணவே இல்ல. ஒரு புண்ணியவான் சி டிரைவ் மொத்தத்தையும் விலக்குல போட்டுட்டு "என் மெஷின் மட்டும் ஃபாஸ்ட்"னு பெருமை வேற பேசுவார். சென்ட்ரல் கன்சோல் வேணும்தான். அதைத் திறந்து பாக்குறவரும் வேணும்.

"டிஃபால்ட்ல விட்டிருக்கோம், கம்பெனிக்காரன் பாத்துப்பான்"னு மட்டும் சொல்லாதீங்க. 2024 ஜூலை 19 அன்னிக்கு கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி தள்ளின ஒரே அப்டேட் ஃபைல்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சு. எத்தனையோ ஆபீசுல ஆளுங்க ஒவ்வொரு மெஷினாப் போய் சேஃப் மோடுல அதை அழிச்சாங்க, பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்டின மெஷின்ல 48 இலக்க சாவியையும் தட்டிக்கிட்டு.

சரி, ஸ்கேன் 31%. டீ குடிச்சிட்டு வரலாம்னா மெஷின்ல பால் பவுடர் தீர்ந்துபோச்சாம். அதுக்கு எந்த போர்ட்டல்ல டிக்கெட் போடணும்?