பல்லில் விழுந்த கறை பரம்பரையா?

"அந்தப் பையனுக்குப் படிப்பு ஏறாதுங்க. அவங்க அப்பனுக்கும் ஏறல. ரத்தம் அப்படி." போன வாரம் பாலக்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தாத்தா, அப்பா, நான் மூவருக்கும் முன்பல்லில் பழுப்புக் கறை. 'உங்க வம்சத்துப் பல்லு' என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் நம்பினேன். சித்தப்பா கட்டட வேலைக்காக பெங்களூர் போய் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த அவர் மகளுக்குப் பல் முத்து மாதிரி. அதே ரத்தம்தானே? எங்கள் கிணற்றிலும் அப்புறம் போட்ட போரிலும், பல்லில் கறை விழவைக்கிற ஃபுளோரைடு என்ற உப்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் உள்ள கேடு இது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த என் பிள்ளைகள் இருவருக்கும் கறை இல்லை. மூன்று தலைமுறையாக ஒரே தண்ணீரைக் குடித்துவிட்டு அதை வம்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கறை ஈறுக்குள் பல் உருவாகிற சின்ன வயதிலேயே விழுந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. மனசுக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. ருமேனியாவில் அனாதை இல்லங்களில் கவனிப்பாரின்றிக் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, 2000-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி தேறியது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

பிறவியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். என் மூத்தவள் சின்ன வயதில் புது ஆள் வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். இளையவன் நேராகப் போய் மடியில் ஏறுவான். ஒரே வீடு, யாரும் சொல்லித்தரவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பௌச்சர்ட் 1979 முதல், பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். ஒரே கருமுட்டையிலிருந்து உருவானவர்கள் குணத்திலும் அறிவுத்திறனிலும் அவ்வளவு ஒத்திருந்தார்கள். நூலைப் போல சேலை என்பது பொய்யில்லை.

ஆனால் 2003-ல் எரிக் டர்க்ஹைமர் குழு ஏழு வயது அமெரிக்க இரட்டையர்களை ஆராய்ந்ததில் இன்னொன்று தெரிந்தது. வசதியான வீடுகளில் பிள்ளைகளின் அறிவுத்திறன் வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மரபணு காரணம். ஏழை வீடுகளில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட இல்லை, வீட்டுச் சூழலின் பங்கு 60 சதவீதம். எல்லா நாட்டிலும் இதே முடிவு வரவில்லை, சரி. ஆனால் மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த வருஷம் எந்த ராகி விதை வீரியமானது என்று எங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா?

அந்தப் பையனை எனக்குத் தெரியும். ஐந்து வயது வரை பெங்களூரில் கட்டடம் எழும்புகிற இடங்களில், தகரக் கொட்டகையில் வளர்ந்தவன். சில மாதத்துக்கு ஒரு இடம். இப்போது பாட்டியிடம் இருக்கிறான். பாட்டியின் ஆடுகளில் எது எப்போது சினையானது, எப்போது குட்டி போடும் என்று நாள் பிசகாமல் சொல்வான். அவன் அப்பாவும் சின்ன வயதிலேயே சித்தாளாகப் போனவர்தான்.

திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகப் போகிறோம். ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டான். வா என்றேன்.