அந்தப் பெண்களுக்குச் சம்பளம் போடுங்கள்

கையில் பணம் குறைவாக உள்ள நாடு மருத்துவத்தை எப்படிச் சீராக்கும் என்று பேச்சு வந்தால், பலரும் புதுக் கட்டடம், ஸ்கேன் மெஷின் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தர்மபுரிக்காரனான எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சித்திலிங்கி.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு அது. 1993-இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். வெளியூர் நர்ஸ் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பகுதியில் வாழும் மலையாளி என்ற பழங்குடியின் (கேரளத்து மலையாளிகள் இல்லை) பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும் ஆபரேஷனில் உதவவும் பழக்கினார்கள். அப்புறம் ஊர் ஊராக, வீடு தேடிப் போய்ப் பார்க்கவும் பெண்களைத் தயார் செய்தார்கள். குழந்தை இறப்பு பிறகு 20-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மாற்றல் வாங்கிக்கொண்டு போகாத ஆள், கர்ப்பிணியின் மாமியாரிடம் உரிமையோடு பேசக்கூடிய ஆள். இதை எந்த மெஷினும் தராது.

டாக்டர் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். சிசேரியன் தேவைப்படும் பெண்ணைச் சரியான நேரத்தில் டாக்டரிடம் அனுப்பி வைப்பதும் இந்தப் பெண்கள்தான்.

மருந்தும் வேண்டும். அதில் தமிழ்நாடு நல்ல வழி காட்டியது. 1994-இல் வந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு ஒதுக்கிய தொகைக்கான பாஸ்புக்கில் பதிந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டமும் நம் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதைக் கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் தன்னார்வலர், கிடைப்பது ஊக்கத்தொகை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

எத்தியோப்பியா நம்மைவிட ஏழை நாடு. 2003-இல் அங்கே சுகாதார விரிவாக்கத் திட்டம் தொடங்கினார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, சுமார் 5,000 பேருக்கு இரண்டு பெண்கள், அரசாங்கச் சம்பளம். இப்படி 30,000-க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுத்தார்கள்.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? அஞ்செட்டி மலையில் மாத்திரைப் பையோடு ஏறி இறங்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், பயணப்படி, பேறுகால விடுப்பு, வருங்கால வைப்பு நிதி, இவை நான்கையும் அடுத்த பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும்.