கிணற்றில் தொடங்கிய காணி

கிளிநொச்சிக்கு வரும் ஒளிப்படக்காரர்களைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. போர் முடிந்த புதிதில், விழுந்து கிடந்த நீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று நின்று படமெடுத்தார்கள். இப்போது தலையறுந்த பனைகளைத் தேடுகிறார்கள். இடிந்தது படத்துக்கு நன்றாக இருக்கும். அள்ளிக்கொண்டு போன மணலை எப்படிப் படமெடுப்பது? கனகராயன் ஆற்றுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டால் பச்சைக்கு நடுவே நீலம் மின்னும். அந்த நீலம் இரவோடு இரவாக டிப்பர்களுக்கு மணல் கொடுத்த குழி என்பதை ஊரவர் யாராவது சொன்னால்தான் தெரியும். இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு அது.

ஆகவேதான் ஓவியர் தா. சனாதனனின் ‘The Incomplete Thombu’ (முற்றுப்பெறாத தோம்பு) என்ற நூல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேட்டுக்குத்தான் தோம்பு என்று பெயர். 2011இல் வெளிவந்த தன் நூலின் பெயரில் அதை எடுத்துக்கொண்ட சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கட்டடக்கலைஞரின் அளவான கோடுகளும் அவருடைய சொந்த ஓவியமும் அதன் பிறகுதான் வருகின்றன. முதல் கோடு வீட்டை இழந்தவருடையது. ஆட்சியாளரின் ஏட்டை இப்படித் தலைகீழாகப் புரட்டிய வேறொரு படைப்பு எனக்கு நினைவில் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பெரியப்பாவிடம் கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து எங்கள் பழைய வளவை வரையச் சொன்னேன். வீட்டை வரைவார் என்று நினைத்தேன். கிணற்றைப் போட்டார். பிறகு துலா, வாய்க்கால், வேலியோரத்துப் பூவரசு. ஆற்றங்கரை மருதமரத்துக்குக் கிணற்றிலிருந்து எத்தனை எட்டு என்பதையும் எழுதினார். வீட்டுக்குக் கடைசியில் ஒரு சிறிய சதுரம் மட்டும். அந்த மருது இப்போது இல்லை. கரை உள்வாங்கியபோது வேரோடு சாய்ந்துவிட்டது.

வன்னியில் பலருக்குக் காணி உறுதி, அதாவது சொந்தப் பத்திரம், கிடையாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுத்த பெர்மிட்தான். 2009இல் உயிரைக் காப்பாற்ற ஓடியவர்களில் எத்தனை பேர் பெர்மிட்டைக் கையில் கொண்டுபோனார்கள்? முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்து கேட்டதும், இராணுவத்தின் கையில் இருந்த, தாங்கள் வாழ்ந்த காணியைத்தான். எல்லை எது, மரம் எது என்று அறிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

ஓவியர்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. இப்படைப்புகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. எங்களூர் பிரதேச செயலகத்தில் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருப்பவரின் கண்ணில் படுவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் வாங்குக்கு எதிர்ச் சுவரில் நான்கு வரைபடங்களை மாட்டினால் என்ன? காணி உத்தியோகத்தரும் போகவர அவற்றைப் பார்க்கட்டும்.

பெரியப்பா அந்தக் கலண்டர் தாளை என்னிடம் தரவில்லை. நான்காக மடித்து, பழைய வரி ரசீதுகளோடு கோப்புக்குள் வைத்துவிட்டார்.