பால் தெளித்த ஈரம் காய்வதற்குள் கணக்கா?

கணவரை இழந்த ஒரு பெண், சொக்சோ (மலேசியாவில் முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் சந்தா கட்டும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் பணம் குறைவாக இருக்கிறதே என்று கணக்குக் கேட்டுப் போட்ட பதிவையும், அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "பால் தெளிச்ச ஈரம்கூட காயல, அதுக்குள்ள சொக்சோ பணம் கம்மின்னு கணக்குக் கேக்குது" என்று ஒரு அண்ணன் எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

அந்தப் பெண் கேட்டது நன்கொடை இல்லை. செத்துப்போன மனிதர் ஓடி ஓடி உழைத்த சம்பளத்தின் கணக்கை. இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். சம்பளக் கணக்கு எழுதுவதுதான் என் தொழில், அதனால் எண்ணோடு சொல்கிறேன்.

பினாங்கில் பிறை பக்கம் ஒரு ஃபேக்டரியில் 17 வருடம் விடாமல் வேலை செய்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). ஷிஃப்ட் அலவன்ஸும் வருகை அலவன்ஸும் சேர்ந்து 250. ஓவர்டைம் 950. ஆக 3,100. ஆனால் கம்பெனி சொக்சோவுக்குக் காட்டியது 1,900 மட்டும். சொக்சோ அட்டவணையில் 1,800க்கு மேல் 1,900 வரைக்கும் ஒரே படி, அதற்கு 1,850 என்று சம்பளத்தை வைத்துக்கொள்வார்கள். 3,000க்கு மேல் 3,100 வரை என்றால் 3,050. வேலைக்குச் சம்பந்தமில்லாமல், 60 வயதுக்கு முன் இறந்தால் குடும்பத்துக்கு வருவது பென்சென் பெனாகாட், அதாவது வாரிசுகளுக்கான மாத பென்சென். முழுத் தகுதி இருந்தால் 50 சதவீதத்தில் தொடங்கும். முதல் 24 மாதச் சந்தாவுக்குப் பிறகு, ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 1 சதவீதம் ஏறி 65இல் நிற்கும். 17 வருடம் கட்டியவருக்கு அந்த 65 வந்துவிடும்.

1,850இல் 65 சதவீதம் 1,202 வெள்ளி 50 காசு. 3,050இல் 1,982 வெள்ளி 50 காசு. மாதம் 780 வெள்ளி வித்தியாசம். இதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. மனைவி கைக்கு 1,189.50 வர வேண்டிய இடத்தில் 721.50 வரும்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். 1,900க்கு முதலாளி கட்டுவது 32.35. 3,100க்குக் கட்ட வேண்டியது 53.35. மாதம் 21 வெள்ளி மிச்சம். ஒரு கம்பெனி 21 வெள்ளி மிச்சம் பிடித்ததற்கு ஒரு வீடு மாதாமாதம் 780 வெள்ளியை இழக்கிறது. பேராசை யாருக்கு என்று இப்போது சொல்லுங்கள், அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரர்களே.

கேட்டால் ஆபீசில் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: "சேமநிதிக்கு (இபிஎஃப்) ஓவர்டைம் சேராது, அதனால சொக்சோவுக்கும் சேராது." பாதி உண்மை, அதனால்தான் நம்பிவிடுகிறோம். சேமநிதிக்கு ஓவர்டைம் சேராது, சரி. சொக்சோவுக்குச் சேரும். கமிஷன் சேரும், சர்வீஸ் சார்ஜ் சேரும், அலவன்ஸ்கள் சேரும். சேராதவை பயணப் படி, ஆண்டு போனஸ், வேலையை விடும்போது தரும் பணிக்கொடை மாதிரி சில மட்டும். சம்பள சாஃப்ட்வேரில் ஒவ்வொரு சம்பள வகைக்கும் தனித்தனியாக டிக் உண்டு, சேமநிதிக்கு ஒன்று, சொக்சோவுக்கு ஒன்று. ஓவர்டைமுக்கு எதிரில் சொக்சோ டிக்கைப் போட மறந்தால், அடுத்த பத்து வருடமும் அது பாட்டுக்குக் குறைத்தே கட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் உறைக்காது. எல்லா இடத்திலும் கெட்ட எண்ணம்தான் என்று சொல்லமாட்டேன், சில இடத்தில் கிளார்க்கின் கவனக்குறைவுதான். என் கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் கவனக்குறைவால் போனாலும் போனது 780தானே?

"அவரு உயிரோட இருந்தப்ப கேட்டிருக்கணும்" என்று ஒருவர் ரொம்ப நியாயமாக எழுதியிருந்தார். எப்படிக் கேட்பார்? பே ஸ்லிப்பில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது சொக்சோ பிடித்தம் 9.25 என்ற ஒரே ஒரு எண். அது 15.25 ஆக இருந்திருக்க வேண்டும். ஆறு வெள்ளி குறைவாகப் பிடித்தால் யார் சண்டைக்குப் போவார்கள்? சந்தோஷப்படுவோம். எல்லாருமே அப்படித்தான்.

"கம்பெனி மலர்வளையம் வெச்சாங்க, கைல ரெண்டாயிரம் கொடுத்தாங்க, நன்றி வேணாமா?" நன்றி வேண்டும்தான், வைத்துக்கொள்ளட்டும். அந்த ரெண்டாயிரம் மூன்று மாத வித்தியாசத்துக்குக்கூடக் காணாது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு அக்கா, கணவரை இழந்தவர். மைலோ டின்னில் பே ஸ்லிப் சுருளைப் போட்டு வைத்திருந்தார், அவர் கணவர் ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாகக் கட்டியது. எடுத்துப் பிரித்தால் பாதித் தாள் வெள்ளையாக வெளுத்திருந்தது. சூட்டில் அச்சாகிற அந்த வழவழத் தாள் அப்படித்தான், சில வருடத்தில் எழுத்து பறந்துவிடும். வெளுத்த தாளையும் அக்கா தூக்கிப் போடவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "இது மார்ச்சு, அவருக்குக் காய்ச்சல் வந்த மாசம்" என்றார். இதைத்தான் பணத்தாசை என்கிறீர்கள். அழுகிறவள் கணக்குப் பார்க்கக் கூடாதாம். ரெண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில்தான் பார்க்கிறார்கள் ஐயா.

அதனால் யாருக்காவது உதவப் போகிறீர்கள் என்றால் ஒப்பாரிக்குத் துணை நிற்பதோடு இதையும் செய்யுங்கள். இறந்தவரின் கைத்தொலைபேசி எண்ணை ரத்து செய்ய விடாதீர்கள். பே ஸ்லிப் ஆப்பும் வங்கியின் கடவு எண்ணும் அதில்தான் வரும். கடைசி 24 மாதத்தின் ஸ்லிப்பையும் தேடிப் படம் எடுத்து வையுங்கள், பென்சென் கணக்குக்கு அந்த 24 மாதம்தான் முக்கியம். ஸ்லிப் கிடைக்கவில்லையென்றால் ஈஏ படிவம் (வருமான வரிக்காகக் கம்பெனி தரும் வருடச் சம்பள அறிக்கை) போதும், அதில் வருட மொத்தம் இருக்கும். போனஸைக் கழித்துவிட்டு 12ஆல் வகுத்தால் எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும். பேங்க் புத்தகத்தை நம்பாதீர்கள், அதில் பிடித்தம் போக மீதிதான் வந்திருக்கும். பிறகு சொக்சோவில் சந்தா விவரம் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வாயால் புலம்ப வேண்டாம், எழுத்தில் கொடுங்கள், முத்திரை குத்திய நகல் கையில் இருக்கட்டும். முதலாளி குறைத்துக் கட்டியதால் பலன் குறைந்தால், சொக்சோ சரியான தொகையைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அதை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இன்னொன்று. வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விபத்தாகி இறந்தவரை "சும்மா இறப்பு" என்று படிவம் நிரப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் வேலை விபத்துக் கணக்கில் வரும். அது வேறு பலன், நாள் சம்பளத்தில் 90 சதவீதம். அதே 3,050க்கு நாளுக்கு 91.50, மாதம் 2,745 வெள்ளி அளவில். போலீஸ் ரிப்போர்ட், போன வழியின் வரைபடம், அன்றைய ஷிஃப்ட் அட்டவணை மூன்றும் கேட்பார்கள். ஆபீசில் யாரோ தப்பான கட்டத்தில் பேனா வைத்ததுக்கு ஆயுளுக்கும் குறைவாக வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

கல்யாணச் சான்றிதழ் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டிப் படம் எடுத்தால் போதும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த நம் கல்யாணங்களைச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது வருடம் குடும்பம் நடத்தியவள் கவுண்டரில் 'யார் நீங்க' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கறிகாய்க் கணக்கு, பந்தக்கால் கணக்கு, வடைக் கணக்கு எல்லாம் பார்க்கிறோம். அதற்கு யாரும் 'ஈரம் காயல' என்று சொல்வதில்லை. அவள் தன் புருஷன் பெயரில் வரும் கணக்கைக் கேட்டால் மட்டும் ஈரம் ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்தக் கமெண்ட் போட்ட அண்ணனுக்கு ஒன்று. நீங்களும் பட்டர்வொர்த் பக்கம் ஷிஃப்ட் வேலைதான் என்று உங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். போன மாத ஸ்லிப்பை எடுத்து சொக்சோ பிடித்தத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே இஐஎஸ் (வேலை இழப்புக் காப்புறுதி) என்று இன்னொரு பிடித்தம் இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓவர்டைமோடு வாங்குவது 3,100 ஆக இருந்து அங்கே 9.25 என்று இருந்தால், இன்றைக்கே ஹெச்ஆரிடம் கேளுங்கள். அண்ணியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.